நேபாளக் கடவுச்சீட்டோடு ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு

காத்மாண்டில் புத்தலிசடக்கிலிருந்து பாக்பஜார் பக்கம் நடந்தால் கன்சல்டன்சிப் பலகைகள் வரிசையாகத் தொங்கும். ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான் என்று எழுதியிருக்கும் அந்தப் பலகைகளில் ஜெர்மனியும் உண்டு. உள்ளே போய் உட்கார்ந்து ஜெர்மனி என்று சொன்னால், பல இடங்களில் முதலில் கைக்கு வருவது ஒரு தனியார் கல்லூரியின் வண்ணக் கையேடுதான். அதற்குக் காரணம் உண்டு. மாணவரைச் சேர்த்துவிட்டால் தனியார் கல்லூரி கமிஷன் கொடுக்கும். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகம் மாணவரிடமே படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை, பிறகு எதிலிருந்து கமிஷன் கொடுக்கும்? ஆகவே மலிவான இடத்தை உங்களுக்கு விற்பதில் யாருக்கும் லாபமில்லை. அந்த இடத்தை நீங்களே தேடி, நீங்களே விண்ணப்பித்து வாங்க வேண்டும். இந்த அத்தியாயம் அதற்காக.

நேபாளத்தில் படித்தவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். சென்னையிலும் கோவையிலும் வளர்ந்து தமிழ்ப் பள்ளியில் படித்த நேபாளக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும், ஒரு வேறுபாட்டோடு. இந்தியச் சான்றிதழ்களோடு விண்ணப்பிப்பவர்களிடம் ஏ.பி.எஸ். என்னும் ஆவணச் சரிபார்ப்புச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. நேபாளத்துச் சான்றிதழ்களுக்கு அது இல்லை. கடவுச்சீட்டு நேபாளம், பட்டம் இந்தியா என்று இருப்பவர்கள், விண்ணப்பிக்கப்போகும் பல்கலைக்கழகத்திடம் இதை முதலிலேயே எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

எது இலவசம், எது இல்லை

ஜெர்மனியில் 16 மாநிலங்கள் இருக்கின்றன. கல்வி மாநிலங்களின் கையில். பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவரிடமும் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் விலக்கு. ஹைடல்பெர்க், ஃப்ரைபுர்க், டூபிங்கன், கார்ல்ஸ்ரூஹ, ஷ்டுட்கார்ட் எல்லாம் அந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன. 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் அங்கே பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். நான்கு பருவ முதுகலைக்கு 6,000 யூரோ. பவேரியாவில் உள்ள மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலத்திலிருந்து கட்டணம் வாங்கத் தொடங்கியது. முதுகலைக்குப் பாடத்தைப் பொறுத்துப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ. பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு “மியூனிக் இலவசம்” என்று இன்னும் நம்பிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

இவை தவிர எல்லா இடத்திலும் ‘பருவப் பங்களிப்பு’ என்று ஒரு தொகை உண்டு. நிர்வாகச் செலவு, மாணவர் நலச் சங்கம், பல ஊர்களில் உள்ளூர்ப் போக்குவரத்துக்கான பயணச்சீட்டு எல்லாம் அதில் சேர்ந்துவரும். ஊருக்கு ஊர் மாறும். பெரும்பாலும் 100 முதல் 400 யூரோவுக்குள் முடிந்துவிடும்.

இன்னொரு பிரிவினையும் தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மனியில் பல்கலைக்கழகம் என்றும் செயல்முறை அறிவியல் உயர்கல்வி நிலையம் என்றும் இரு வகை. இரண்டிலும் அரசு நிறுவனங்கள் உண்டு, இரண்டிலும் முதுகலை கிடைக்கும். ஆனால் முனைவர் பட்டம் கொடுக்கும் முழு உரிமை வழிவழியாகப் பல்கலைக்கழகத்துக்கே உரியது. பெரிய ஆய்வுக்கூடங்களும் அங்கேதான். ஆராய்ச்சியில் போக எண்ணினால் முதல் வகையில் சேருங்கள். இரண்டு ஆண்டில் பட்டம் வாங்கித் தொழிற்சாலையில் வேலை தேடுவதுதான் நோக்கம் என்றால் இரண்டாவதே சில நேரம் மேல். அங்கே பயிற்சிப் பருவம் பாடத்திட்டத்திலேயே இருக்கும்.

ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு ஒரு சொல்

நேபாளத்தின் தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் 12ஆம் வகுப்பை மட்டும் வைத்துக்கொண்டு நேராக ஜெர்மன் இளங்கலையில் சேர்வது கடினம். பெரும்பாலும் ஷ்டூடியன்கொலெக் என்னும் ஓராண்டு ஆயத்தப் படிப்பின் வழியாகத்தான் போக வேண்டும். அதற்கே நுழைவுத்தேர்வு உண்டு, அதுவும் ஜெர்மன் மொழியில். முடிவில் தகுதித்தேர்வு வேறு. ஆங்கிலவழி இளங்கலைகள் அரசுப் பல்கலைக்கழகங்களில் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கின்றன. சான்றிதழ் எந்த நிலையில் வைக்கப்படுகிறது என்பதை அனபின் என்ற ஜெர்மன் அரசுத் தரவுத்தளத்தில் பார்க்கலாம்.

என் கருத்தைக் கேட்டால்: இளங்கலையை கீர்த்திபூரிலோ போக்ராவிலோ தூலிகேலிலோ முடியுங்கள். அந்த நான்கு ஆண்டில் ஜெர்மன் மொழியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படியுங்கள். முதுகலைக்குப் போங்கள். ஆங்கிலவழி முதுகலைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. டி.ஏ.ஏ.டி. எனப்படும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற நிறுவனத்தின் தளத்தில் பாடம், மொழி, கட்டணம் என்று வடிகட்டித் தேடலாம். பதினெட்டு வயதில் மொழியும் தெரியாமல் ஆயத்தப் படிப்பில் தோற்றுத் திரும்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

முதல் வகுப்பு என்றால் அங்கே என்ன

விண்ணப்பத்துக்கு முன் உங்கள் மதிப்பெண்ணை ஜெர்மன் அளவில் மாற்றிப் பாருங்கள். அங்கே 1.0 உச்சம், 4.0 தேர்ச்சி எல்லை. எண் குறையக் குறைய நல்லது. மாற்றுவதற்கு ‘பவேரிய வாய்பாடு’ என்று ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியால் வகுங்கள். 3ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள். அவ்வளவுதான்.

உச்சம் 100, தேர்ச்சி 40, நீங்கள் வாங்கியது 70 என்றால் விடை 2.5. அதே கணக்கில் 60 சதவீதம் 3.0 ஆகிவிடும். ஊரில் ‘ஃபர்ஸ்ட் டிவிஷன்’ என்று தலைநிமிர்ந்து சொல்லும் மதிப்பெண் அங்கே நடுத்தரம். ஜி.பி.ஏ. முறையில் உச்சம் 4, தேர்ச்சி 2, உங்களுடையது 3.2 என்றால் 2.2 வரும். எதை உச்சமாகக் கொள்வது, எதைத் தேர்ச்சியாகக் கொள்வது என்பதை இறுதியில் பல்கலைக்கழகம் தீர்மானிக்கும். ஆகவே இது தோராயம். ஆனால் 2.5க்கு மேல் போனால் சேர்க்கவே மாட்டோம் என்று பல முதுகலைகள் விதி வைத்திருப்பதால், தோராயமாவது தெரியாமல் காசு கட்டி விண்ணப்பிக்கக் கூடாது.

மதிப்பெண்ணைவிடப் பலரை வீழ்த்துவது பாடப் பொருத்தம். கணினி அறிவியல் முதுகலைக்கு விண்ணப்பிக்கும் பி.சி.ஏ. பட்டதாரியிடம், கணிதம் எத்தனை கிரெடிட், கோட்பாட்டுக் கணினியியல் எத்தனை கிரெடிட் என்று எண்ணிப் பார்ப்பார்கள். மென்பொருள் செய்யும் பாடங்கள் எவ்வளவு இருந்தாலும் அந்த இரண்டில் குறைந்தால் நிராகரிப்பு. அங்கே கிரெடிட்டை இ.சி.டி.எஸ். புள்ளியில் எண்ணுவார்கள், ஓராண்டு முழுநேரப் படிப்பு 60 புள்ளி. பல்கலைக்கழகத்தின் சேர்க்கை விதியை (அது ஜெர்மன் மொழியில் மட்டும்கூட இருக்கலாம், மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படியுங்கள்) பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் பாடங்களை ஒவ்வொன்றாக அந்தத் தலைப்புகளின் கீழ் அட்டவணையிட்டுப் பாருங்கள். ஒரு மாலை நேரம் ஆகும். அந்த ஒரு மாலை உங்கள் பட்டியலில் உள்ள இருபது பல்கலைக்கழகங்களை ஐந்தாகக் குறைத்துவிடும். பாடவிவர நூலின் பிரதியை உங்கள் கல்லூரியில் முத்திரையிட்டு வாங்கி வையுங்கள், கேட்கும் இடங்கள் உண்டு.

பெயரைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்காமல் பாடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்கு வனவியலை எடுத்துக்காட்டாகச் சொல்வேன். திரிபுவன் பல்கலைக்கழகத்தின் வனவியல் நிறுவனம் போக்ராவிலும் ஹெட்டௌடாவிலும் இருக்கிறது. அங்கே படித்தவர்களுக்கு ட்ரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தாரண்ட் என்ற சிற்றூரில் நடத்தும் வெப்பமண்டல வனவியல் முதுகலை, அளவெடுத்துத் தைத்த சட்டை. தாரண்டில் 1811இல் ஹைன்ரிஷ் கோட்டா வனப்பள்ளி தொடங்கினார். உலகில் வனவியல் கற்பித்த மிகப் பழைய இடங்களில் ஒன்று. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலும் வனவியல் புலம் இருக்கிறது. இரண்டு ஊர்களிலும் மியூனிக் வாடகை இல்லை. நேபாளத்தின் 1993 வனச் சட்டம் கிராமத்தாரின் பயனர் குழுக்களிடம் காட்டை ஒப்படைத்த முறையை உலகமே கவனித்துப் படிக்கிறது. அந்தக் குழுக்களில் ஒன்றோடு களப்பணி செய்த மாணவர், நோக்கக் கடிதத்தில் அதைப் பற்றி இரண்டு பத்தி எழுதினாலே போதும். அதை விட்டுவிட்டு “ஜெர்மனி தொழில்நுட்பத்தின் தாயகம், சிறுவயது முதலே என் கனவு” என்று இணையத்திலிருந்து இறக்கிய கடிதத்தை அனுப்புகிறார்கள். படிக்கும் பேராசிரியர் அதே வரியை அன்று எத்தனையாவது முறையாகப் பார்க்கிறாரோ!

இந்த மாதிரிப் பாடங்களில் உதவித்தொகைக்கும் வழி உண்டு. டி.ஏ.ஏ.டி. வழங்கும் ‘எபோஸ்’ உதவித்தொகை வளரும் நாடுகளின் பட்டதாரிகளுக்கானது, நேபாளம் அதில் அடங்கும். குறைந்தது இரண்டு ஆண்டு பணி அனுபவம் வேண்டும். கடைசிப் பட்டம் ஆறு ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. கல்லூரியிலிருந்து நேராக விமானம் ஏறத் துடிப்பவர்களுக்கு இது கசக்கலாம். ஆனால் இரண்டு ஆண்டு ஊரில் வேலை செய்துவிட்டு, மாதச் செலவும் காப்பீடும் பயணமும் பிறர் கணக்கில் போவது மோசமான பேரம் அல்ல.

விண்ணப்பம்

பல பல்கலைக்கழகங்கள் யூனி-அசிஸ்ட் என்ற பொது அலுவலகம் மூலம் விண்ணப்பங்களை வாங்குகின்றன. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. நேரடியாக வாங்கும் இடங்கள் பலவற்றில் கட்டணமே இல்லை. குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்கும். அதற்கான பொதுக் கடைசித் தேதி ஜூலை 15 என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. வெளிநாட்டு மாணவர்க்கான முதுகலைகள் அதற்கு மாதக்கணக்கில் முன்பே, மார்ச் முதல் மே வரை மூடிவிடுவது வழக்கம். விசா நேரத்தைச் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஜூலை என்பதே கிடையாது.

நேபாள மாணவருக்கே உரிய தலைவலி தேதி. மதிப்பெண் பட்டியலில் ஆண்டு விக்கிரம சம்வத்தில் இருக்கும், கடவுச்சீட்டில் கிறிஸ்தவ ஆண்டு. 2075இல் தேர்வு எழுதியவரைப் பார்த்து ஜெர்மன் அலுவலர் விழிப்பது இயல்பு. விண்ணப்பத்தோடு, எந்தச் சம்வத் ஆண்டு எந்தக் கிறிஸ்தவ ஆண்டு என்று அரைப்பக்க விளக்கம் இணையுங்கள். நாகரிக்தா எனப்படும் குடியுரிமைச் சான்று நேபாளியில் இருப்பதால் நோட்டரி மொழிபெயர்ப்பு தேவைப்படலாம். மாற்றும்போது பிறந்த நாள் ஒரு நாள் முன்பின் ஆகிவிடும், பெயரின் எழுத்துக்கூட்டல் மாறிவிடும். கடவுச்சீட்டில் உள்ளபடியே எல்லாத் தாளிலும் வரவேண்டும் என்று மொழிபெயர்ப்பாளரிடம் உட்கார்ந்து சரிபாருங்கள். திரிபுவன் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் பல்கு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்கும் வேலையை, தேர்வு முடிவு வந்த வாரமே தொடங்குவது நல்லது.

ஆங்கிலத்துக்குப் பல இடங்களில் ஐஇஎல்டிஎஸ் 6.5 கேட்கிறார்கள். ஆங்கிலவழியில் படித்தேன் என்ற கல்லூரிக் கடிதத்தை ஏற்கும் இடங்கள் உண்டு, அதை நம்பி மட்டும் இருக்க வேண்டாம்.

பணம்

படிப்பு இலவசம் என்பதைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் தடுமாறுவது இங்கேதான். மாணவர் விசாவுக்கு, ஓராண்டு வாழப் பணம் இருப்பதை முன்கூட்டியே காட்ட வேண்டும். பிளாக்டு அக்கவுண்ட் என்று எல்லோரும் சொல்லும் முடக்கக் கணக்கில் போட்டுக் காட்டுவது வழக்கமான வழி. 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ. யூரோ 150 நேபாள ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் 17 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய். பணம் எங்கும் போய்விடாது. ஜெர்மனி சேர்ந்தபின் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். ஆனால் முதல் நாள் அது முழுதாகக் கையில் இருக்க வேண்டும். தொகை அவ்வப்போது உயர்த்தப்படுகிறது, கணக்கு திறக்கும் வாரத்தில் தூதரகத் தளத்தில் பாருங்கள்.

இந்தப் பணத்தை அனுப்ப வங்கி கேட்கும் முதல் தாள் என்.ஓ.சி. நேபாளக் கல்வி அமைச்சகம் வெளிநாட்டுப் படிப்புக்குத் தரும் தடையில்லாச் சான்று அது. இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குறிப்பிட்ட பல்கலைக்கழகம், குறிப்பிட்ட பாடம் என்றுதான் கொடுப்பார்கள். பல்கலைக்கழகம் மாறினால் சான்றும் மாற வேண்டும். ஆகவே மூன்று இடங்களில் சேர்க்கை கிடைத்தால், எது என்று உறுதி செய்துவிட்டு வாங்குங்கள். வெளிநாட்டுக் கல்விக்கு அனுப்பும் தொகைமீது நேபாள அரசு 2023 வரவுசெலவுத் திட்டத்தில் 3 சதவீதக் கல்விச் சேவைக் கட்டணம் விதித்தது. உங்கள் தொகையில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று வங்கியில் முன்பே கேட்டு அதையும் சேர்த்து ஏற்பாடு செய்யுங்கள். 11,904இல் நூறு யூரோ குறைந்து போய்ச் சேர்ந்தால், விசாவுக்குக் காட்ட வேண்டிய முடக்கக் கணக்கு உறுதிச் சான்று வராது.

அப்பா நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாமா? வாங்கலாம், ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தபின். மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2026 தொடக்கத்திலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. 140 நாளையும் எட்டு மணி நேரமாக உழைத்தால் ஆண்டுக்கு 15,568 யூரோ. காகிதத்தில் அழகாக இருக்கிறது. முதல் பருவத்தில் மொழி தெரியாமல், தேர்வுகளுக்கு நடுவில், அதில் பாதி கிடைத்தாலே பெரிது. மாதம் மருத்துவக் காப்பீடு மட்டும் ஏறக்குறைய 150 யூரோ, முப்பது வயதுக்குமேல் இன்னும் கூடும். மாணவர் விடுதி அறை 300 யூரோவை ஒட்டி, தனியார் அறை அதைவிட மேலே. பகுதிநேர வேலை உங்கள் சாப்பாட்டையும் வாடகையையும் தாங்கும். ஊர்க் கடனின் தவணையையும் அது தாங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடன் வாங்குவதானால், படிப்பு முடியும்வரை வட்டியைக் கட்ட வீட்டில் வேறு வருமானம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓராண்டு தள்ளிப்போடுவதே சரி.

பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கிடைக்கும் மாணவர் உதவியாளர் வேலை அந்த 140 நாள் கணக்கில் சேராது. ‘ஹிவி’ என்பார்கள். ஆய்வுக்கூட வேலை, மாதிரிகளை அளப்பது, நிரல் எழுதுவது. ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர் உணவகத்தில் தட்டுக் கழுவுவதைவிட இதற்கு முயல்வது நல்லது. ஆய்வேட்டுக்கு வழிகாட்டியும் பெரும்பாலும் அங்கேயே அமைவார்.

விசா

சேர்க்கைக் கடிதம் கிடைத்தபின் விசா நேரம் தேடுவது தாமதம். காத்மாண்டிலுள்ள ஜெர்மன் தூதரகத்தில் நேரம் பெற என்ன நடைமுறை என்பதை விண்ணப்பிக்கும் மாதத்திலேயே பார்த்து, முடிந்தால் அப்போதே பதிந்துவிடுங்கள். விசாக் கட்டணம் 75 யூரோ. தசைன் விடுமுறை செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். அரசு அலுவலகங்களும் வங்கிகளும் நாள்கணக்கில் மூடிக்கிடக்கும். ஜெர்மனியில் வகுப்பு தொடங்குவதும் அதே நேரம்தான். என்.ஓ.சி., பணப் பரிமாற்றம் இரண்டையும் சாவன் மாதத்துக்குள் (ஆகஸ்ட் நடுவுக்குள்) முடித்துவிட்டால் நிம்மதி. விசா தாமதமானால் எந்தத் தேதிவரை நேரில் வந்து பதியலாம் என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

நேர்காணலில் கேட்பது சுற்றிச் சுற்றி ஒன்றுதான்: இந்தப் படிப்பு எதற்கு, முன்பு படித்ததோடு இதற்கு என்ன தொடர்பு. முதல் பருவப் பாடங்களின் பெயர்கூடத் தெரியாமல் போய் நிற்கக் கூடாது. விண்ணப்பத்தை வேறு யாரோ நிரப்பியிருந்தால் இங்கே வெளிச்சமாகிவிடும்.

போய்ச் சேர்ந்தபின் இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரிப் பதிவு, பிறகு வங்கிக் கணக்கு, காப்பீடு, விசா முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதி. முகவரிப் பதிவுக்கு வீட்டுக்காரரின் கடிதம் வேண்டும் என்பதால், பதிவு செய்ய அனுமதிக்காத அறையை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். தேர்வில் பொதுவாக மூன்று வாய்ப்பு. கட்டாயப் பாடத்தில் மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பை ஜெர்மனியில் வேறு இடத்தில் தொடர்வதும் பெரும்பாலும் முடியாது. பட்டம் பெற்றபின் துறைக்கேற்ற வேலை தேட 18 மாதம் வரை தங்கலாம்.

விசா மறுக்கப்பட்டால்? முன்பு தூதரகத்துக்கே மறுபரிசீலனை மனு எழுதும் வழி இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அது உலகம் முழுவதும் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது இருப்பவை இரண்டு: குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பது, அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது. மாணவருக்கு முதலாவதுதான் நடைமுறை. மறுப்புக் கடிதத்தில் காரணம் எழுதியிருப்பார்கள். அன்றே பல்கலைக்கழகத்துக்கு எழுதி, இடத்தை அடுத்த பருவத்துக்கு ஒத்திவைக்க முடியுமா என்று கேளுங்கள். சில இடங்களில் ஒப்புக்கொள்வார்கள், பல இடங்களில் மறுபடி விண்ணப்பிக்கச் சொல்வார்கள். முடக்கக் கணக்கில் போட்ட பணம், மறுப்புக் கடிதத்தைக் காட்டினால் வங்கிச் செலவு போக உங்களிடமே திரும்பி வந்துவிடும்.